பிரேக் மேடமும் பின்னல் ஹோஸும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் பள்ளி முதலாளியே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமல் வந்ததுபோல் நடித்துச் சமாளித்தார். பெயரில் பொய் ஒன்றும் இல்லை. இருபத்தொரு வருடமாக அவள் உட்கார்வது பக்கத்து இருக்கையில். காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பழக வருகிறவர்கள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள், அவள் பிரேக்கை மிதிப்பாள். இப்படியே ஆயிரத்துச் சொச்சம் பேரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அவர்களெல்லாம் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே வண்டியைக் கிளப்பிக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறார்கள். சிலர் பள்ளி வாசலில் ஹாரன் அடித்து, கையையும் ஆட்டிவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பெருமை என்று சொல்லிப் பூசி மெழுகலாம்தான், ஆனால் அது பொறாமை. அவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை பாருங்கள், அந்தக் காலி இருக்கையின் மேல் பொறாமை.

அவள் பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். வீடு இரண்டே அறை. இரவில் பக்கத்துத் தலையணையில் கணவர், அடுத்த அறையில் கல்லூரிக்குப் போகும் மகள். தனியாக இருக்க வாய்த்த இடம் குளியலறை ஒன்றுதான், அங்கேயும் ஐந்து நிமிடம் தாண்டினால் மகள் கதவைத் தட்டுவாள். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். குரல் உயர்த்திப் பேசியதில்லை, அவள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே வியாதிக்கு அவர் கடையிலேயே மருந்து கிடையாது. அவள் செருப்பை மாட்டினால் போதும், "இரு, துணைக்கு நானும் வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். பல் டாக்டரிடம் போனாலும் துணை, தையல்கடைக்குப் போனாலும் துணை. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் தனியாகப் பத்துக் கிலோமீட்டர் கார் ஓட்டியது கிடையாது என்றால் நம்பமாட்டீர்கள்.

ஒரே ஒரு தடவை, பக்கத்தில் யாரும் இல்லாமல், முன்னால் ரோடு நேராகக் கிடக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்ட வேண்டும். இதுதான் அவள் ஆசை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. இதை வீட்டில் சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள், அவர் வருத்தப்படுவார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாண்டத்தான் அவளால் முடியவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பள்ளியில் ஒரு பழைய சின்னக் காரைக் கழித்துக் கட்டினார்கள். கிளட்ச் தேய்ந்து, கியர் பல்லெல்லாம் பழகுநர்கள் கையில் சீரழிந்து போன வண்டி. அடிமாட்டு விலைக்கு அதை அவள் வாங்கினாள். முதல் வேலையாகப் பக்கத்து இருக்கையின் கீழே இருந்த கிளட்சையும் பிரேக்கையும் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடினாள். விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து இன்ஜினை எடுத்து, மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடி இதில் உட்கார வைத்தாள். சின்ன உடம்புக்குப் பெரிய இன்ஜின், ஐந்து நிமிடத்தில் ஆயில் கொதித்தது. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் ஆயிலைக் குளிர வைக்க ஒரு கூலரை மாட்டி, இன்ஜினுக்கும் கூலருக்கும் நடுவே இரண்டு ரப்பர் ஹோஸ் இழுத்து, கிளிப் போட்டு இறுக்கினாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நடந்தது. கணவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். துணைக்கு.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளம் இருந்தது. கார்ப் பிரியர்கள் சங்கம் ஒன்று வருடத்தில் ஒரு நாள் அதை வாடகைக்கு எடுத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிடும். இந்த வருடத்தோடு சரி, அடுத்த மாதம் அங்கே கிடங்கு கட்டக் கடைக்கால் தோண்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றே பெயரைப் பதிந்தாள். புதியவர்களுக்கு ஒரே ஒரு சுற்றுதான் என்றார்கள். ஒன்று போதும் என்றாள்.

மூன்று வாரம் முன்னதாகச் சங்கத்துப் பரிசோதகர் வந்து வண்டியைப் பார்த்தார். டயர் சரி, பிரேக் சரி, பெல்ட் சரி. பானெட்டைத் திறந்ததும் பேனாவைத் திருப்பிச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஆயில் போகிற வழியில் ரப்பரும் கிளிப்பும் கூடாது, கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் வேண்டும், முனைகள் திருகி மாட்டுவதாக இருக்க வேண்டும். கொதிக்கிற ஆயில் பீய்ச்சி அடித்தால் வண்டியும் எரியும், நீங்களும் எரிவீர்கள் என்று சாப்பாட்டுப் பேச்சுபோல் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாளே ரேஸ் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கணவரும்தான். கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு, நீலமும் சிவப்புமாகப் பிட்டிங்குகளை நகைக்கடைபோல அடுக்கியிருந்தார்கள். ஹோஸின் விலையைக் கேட்டபோது அவள் தலையசைத்தாள், ஏதோ சமாளிக்கலாம். முனைகளின் விலையைக் கேட்டபோதுதான் தலை நின்றது. கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டுக்கு ஆனை விலை குதிரை விலை. இரண்டு ஹோஸ், நாலு முனை, அவற்றை இன்ஜினோடும் கூலரோடும் சேர்க்க நாலு அடாப்டர் என்று கூட்டினால் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். மகளின் கல்லூரிக் கட்டணம் வேறு அந்த மாதம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. விற்பனையாளன் எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பக் கண்ணாடிக்குள் வைத்து, பாத்திரம் கழுவி முடித்தவன்போல் கையைத் துணியால் ஒற்றினான்.

கணவர் விடவில்லை. கடையில் மாத்திரைகளுக்கு நடுவே போனை நோண்டி, ஆன்லைனில் பாதி விலைக்கும் கீழே ஒரு செட்டைக் கண்டுபிடித்து வரவழைத்தார். ஆறு நாள் கழித்து வந்தது. பார்க்க ஜம்மென்று பளபளத்தது. அவள் ஒரு முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, கம்பி பிரியாமல் இருக்கவேண்டுமே என்று நைசான ரம்பத்தால் பதமாக அறுத்தாள். பிரிவதற்கு உள்ளே கம்பியே இல்லை. சாதாரணத் தண்ணீர் டியூபின் மேல் வெள்ளி நிற நூல் வலையை மாட்டி ஒட்டியிருந்தார்கள். கணவர் முகம் சுருங்கிப்போனது. "போகட்டும், செடிக்குத் தண்ணி விட ஆச்சு" என்று அவள்தான் சிரித்துச் சமாதானப்படுத்தினாள். ஒரு வாரம் போன கவலையை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் மருந்துக்கடைக்கு முதுகுவலித் தைலம் வாங்க வந்த பொக்லைன் டிரைவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்றார். மண் அள்ளும் எந்திரத்துக் கையெல்லாம் கம்பிப் பின்னல் ஹோஸில்தான் தூக்குகிறது, அங்கே ஓடுகிற அழுத்தத்தோடு ஒப்பிட்டால் காரெல்லாம் கைக்குழந்தை என்று சொல்லி, லேத் பட்டறைத் தெருவில் ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்கு வழி சொன்னார்.

கடை வாசல் வரைக்கும் பாம்புப் புற்றுபோல ஹோஸ் சுருள்கள். ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. உள்ளே முனைகளை ஹோஸோடு நெரித்துப் பிடிக்க வைக்கும் எந்திரத்துக்குப் பின்னால் நின்றிருந்த கடைக்காரர் அவளைப் பார்த்ததும் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளிடம் கார் பழகி, ரிவர்ஸில் தூணை இடித்து இடித்து, டெஸ்டில் மூன்று தடவை கோட்டை விட்டவர். பள்ளியில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, மூணுதடவை. அதை வைத்தது சாட்சாத் நம் மேடம்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மூணுதடவை பழசை எதையும் கிளறவில்லை. சலவைத் தொழிற்சாலைகளில் நீராவி இஸ்திரிக்குப் போடுவதற்கென்று வெளியே எவர்சில்வர் கம்பிப் பின்னலும் உள்ளே சூடு தாங்கும் டெப்லான் குழாயும் உள்ள ஹோஸ் ஒன்று வரும், பெரிய ஆர்டர் முடிந்தால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று துண்டு மிஞ்சும், அது எடைக்குத்தான் போகும் என்றார். மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கொட்டினார். அசல் கம்பி. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பு எண்ணெயில் புரள்வதைக்கூடக் கவனிக்காமல் தேடினாள். அரை இன்ச்சில் இரண்டு துண்டு கிடைத்தது.

அளவு எடுத்து வந்திருந்தாள், துணி உலர்த்தும் கம்பியை வளைத்து. இழுத்துப் பிடித்து அளந்தீர்களா, கொஞ்சம் தொய்வு விட்டு அளந்தீர்களா என்று அவர் கேட்டார். இன்ஜின் உதறும், தொய்வு இல்லாவிட்டால் ஹோஸ் முனையைப் பிடுங்கும் என்றார். அவள் இழுத்துப் பிடித்துத்தான் அளந்திருந்தாள். நாலு விரற்கடை கூட்டி வெட்டி, எந்திரத்தில் கொடுத்து நாலு முனையும் நெரித்துக் கொடுத்தார். ரேஸ் கடைக்காரன் ஒரு முனைக்குக் கேட்ட விலைக்குள் வேலை முடிந்தது. அடாப்டர் மட்டும் கையிருப்பில் இல்லை, வர ஐந்து நாள் ஆகும் என்றார்.

ஐந்து நாள் காத்திருந்திருக்கலாம். ஆனால் மலிவாக வாங்கிய ருசி ஒரு தடவை நாக்கில் பட்டுவிட்டால் சும்மா விடாது. அவள் கொழுந்தன் ஏ.சி. மெக்கானிக். அவன் பெட்டியில் பித்தளை அடாப்டர்கள் உருண்டுகொண்டு கிடந்தன. "எடுத்துக்கங்க அண்ணி, எங்கிட்ட சும்மாதான் கிடக்கு" என்றான். ஒரு பக்கம் கூலரிலும் இன்ஜினிலும் கச்சிதமாக ஏறியது. மறுபக்கம் ஹோஸ் முனையை வைத்துத் திருகினால், விரலாலேயே கடைசி மரை வரை வெண்ணெயாக ஓடியது. ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்று அவள் நினைத்தாள். மூணுதடவைக்குப் போன் போட்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னாள்.

இதற்கிடையில் கணவர் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார். கடைப்பையன்களிடம் கடன் வாங்கியது அல்ல, புதுசு. பக்கத்தில் உட்கார்கிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று விதிமுறைத் தாளில் போட்டிருந்ததை அவர் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்த்து, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள், சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். இப்போதே சொல்லிவிடு என்றது மனசு. பாவம், எவ்வளவு ஆசையாக வாங்கியிருக்கிறார் என்றும் அதே மனசுதான் சொன்னது.

ஓடுதளத்துக்குப் போக இரண்டு நாள் இருந்தது. கொட்டகையில் நின்றபடியே இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டு, கீழே குனிந்து பார்த்தாள். நாலு மூட்டிலும் முத்து முத்தாக ஆயில். கால் சுற்று இறுக்கினாள், கசிந்தது. இன்னும் கால் சுற்று. பித்தளை நசுங்கும் சத்தம் ஸ்பானர் வழியாகக் கைக்கு வந்தது, கசிவு நிற்கவில்லை. அவள் வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தாள். ஆயில் சொட்டு ஒன்று காதோரம் விழுந்தது, துடைக்கவில்லை. ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இந்த நாலு சொட்டில் போகப்போகின்றன என்று நினைத்தாள். அன்றைக்கு அதிசயமாகக் கணவர் கூட இல்லை, கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தார். அழுவதற்காவது தனிமை கிடைத்ததே என்று அழுது முடித்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைத் தெருவுக்குப் போனாள்.

மூணுதடவை பித்தளை அடாப்டரின் மூக்கில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசினார். ஹோஸ் முனையை அதில் வைத்து ஒரு தடவை இறுக்கிக் கழற்றிக் காட்டினார். கறுப்பு முழுக்க அப்படியே இருந்தது, ஓரத்தில் மயிரிழை போல ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தது.

"மரை ரெண்டுலயும் ஒண்ணுதான் மேடம். ஆனா ஏ.சி.காரங்க மூக்கு சரிவு வேற, எங்க சரிவு வேற. உள்ள மூக்கு முழுசா உக்காரணும். இது ஓரத்துல மட்டும்தான் தொட்டுக்கிட்டு இருக்கு. எவ்வளவு இறுக்கினாலும் தொட்டுக்கிட்டுதான் இருக்கும், சேராது."

அவள் தலை கவிழ்ந்து நின்றாள். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று இந்த ஆளைத்தானே அந்தக் காலத்தில் வறுத்தெடுத்தாள். இப்போது அவர் முறை. ஆனால் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாலு இரும்பு அடாப்டர்களை எடுத்து வைத்தார். ஆர்டரை நிறுத்தவில்லையாம். நீங்கள் அவசரப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் பக்கத்தில் நாற்பது நாள் உட்கார்ந்தவன் அல்லவா என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அன்று மாலையே மாட்டினாள். இன்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டும் மூட்டுகள் காய்ந்த துணிபோல் இருந்தன.

ஓடுதளத்துக்கு அவர்கள் இருவரும் அதே காரில் போனார்கள். கணவர் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வழி முழுக்கப் பேசினார். பரிசோதகர் பானெட்டைத் திறந்து, ஹோஸைப் பிடித்து ஆட்டி, மூட்டின் அடியில் விரலைவிட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். இஸ்திரிக் கடையில் என்றாள். அவர் புரியாமல் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. முன்னால் சாம்பல் நிறத்தில், வானத்தைத் தொடும் இடம் வரை, நேராக ஓடுதளம். பேப்பரும் பேனாவுமாக ஒரு பெண் ஜன்னலில் குனிந்து, ஒருவரா இருவரா என்று கேட்டாள். பக்கத்து இருக்கையில் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்த கணவர், "ரெண்டு" என்றார்.

"ஒருத்தர்" என்றாள் அவள்.

எழுதப்போன பேனா நின்றது. கணவர் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"இல்லைங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. எனக்குத் தனியாப் போகணும். ரொம்ப நாளா அப்படி ஒரு ஆசை, உங்ககிட்ட சொல்லத் தெரியல."

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் பெல்ட்டைத் தடவித் தடவிக் கழற்றினார், பதற்றத்தில் அது சீக்கிரம் வரவில்லை. அவள் கை உதவப் போகவில்லை, போனால் கூடவே வாங்க என்று வாய் சொல்லிவிடும் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். கொடி இறங்கியது.

என்ன நடந்தது என்று அவளாலேயே பின்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. இன்ஜின் சத்தம் காதுக்குள் இல்லாமல் முதுகெலும்புக்குள் கேட்டது. மூன்றாவது கியர், நான்காவது கியர். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை, யாரும் பயப்படவில்லை, யாரையும் காப்பாற்றவேண்டியதில்லை. காலை எடுக்காமல் ஓட்டினாள், கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. திருப்பம் வந்தது, திரும்பினாள், மறுபடியும் நேர்கோடு, மறுபடியும் கால். அப்புறம் கொடி தெரிந்தது. மூன்று நிமிடம்கூட இருக்காது.

இந்த ஒரு தடவையோடு ஆசை தீர்ந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தீரவில்லை. இதற்கு முன்னால் அது என்ன என்று தெரியாமல் ஏங்கினாள், இப்போது தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். தடுப்பைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் கிடங்குக் கம்பெனியின் ஆட்கள் இரும்புத் தூண்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கணவர் நடந்து வந்தார். ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை. பக்கத்துக் கதவுக்கு வரவில்லை, அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

"இன்னொரு தடவை போகணுங்க" என்றாள். கேட்கக் கூடாததைக் கேட்ட குழந்தைபோல அவரைப் பார்த்தாள்.

அவர் தலையசைத்தார். அவள் சுற்றிக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில், பேனா வைத்திருந்த பெண்ணிடம் விசாரித்திருக்கிறார். வேறு ஊரில் இதைவிடப் பெரிய ஓடுதளம் ஒன்று இருக்கிறதாம், மாதத்தில் ஒரு நாள் திறக்கிறார்களாம். காரில் போனால் ஒன்பது மணி நேரமாம். உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார், வியர்வையில் பாதி அழிந்திருந்தது. அதைக் காட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவ்வளவு தூரம் போற வழியில மட்டும் நான் பக்கத்துல உக்காந்து வரலாமா? அங்க போனதும் இறங்கிடறேன்."